டுவாலட்டின் பரங்கிப் படகுப் போட்டி: போய்ப் பார்க்க முழுமையான வழிகாட்டி

ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது டுவாலட்டின். அங்கே ஆண்டுதோறும் அக்டோபரில் நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள பரங்கிக்காய்களைக் குடைந்து, அதற்குள் ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறார்கள். 'வெஸ்ட் கோஸ்ட் ஜயண்ட் பம்ப்கின் ரெகாட்டா' என்று பெயர். பரங்கி என்று நான் எழுதுவதை உங்கள் ஊரில் மஞ்சள் பூசணி என்பார்கள், கொங்குப் பக்கம் அரசாணிக்காய் என்பார்கள். எல்லாம் ஒரே குடும்பம்தான்.

நாங்கள் இருப்பது போர்ட்லாண்டுக்கு மேற்கே உள்ள ஹில்ஸ்பரோவில். வேலைக்குப் புதிதாக வந்து இறங்கிய குடும்பங்களையும், ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் பெற்றோர்களையும் ஒவ்வோர் ஆண்டும் அங்கே அழைத்துப் போகிறோம். தாங்களாகப் போய்விட்டு வந்தவர்களில் பலர், "கூட்டத்தோட முதுகைத்தான் பாத்தோம்" என்று வருத்தப்பட்டதுண்டு. கேட்டுப் பார்த்தால் எல்லாரும் ஒரே வரிசையில்தான் போயிருப்பார்கள்: முதலில் கடைகள், பிறகு சாப்பாடு, கடைசியில் குளம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

1. தேதியையும் கிழமையையும் அந்த ஆண்டுக்கென்று பாருங்கள்

சமீப ஆண்டுகளில் போட்டி அக்டோபர் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை நடந்துவருகிறது. முன்பு சனிக்கிழமை நடந்த ஆண்டுகளும் உண்டு. நண்பர் எப்போதோ அனுப்பிய பழைய படத்தில் சனி என்று இருப்பதை நம்பிக் கிளம்பினால் வெறும் குளத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். டுவாலட்டின் நகராட்சியின் இணையதளத்தில் அந்த ஆண்டின் தேதி, இடம், நேரம் மூன்றையும் பாருங்கள். போட்டிக்கு முந்தைய வாரம் இன்னொரு முறை பாருங்கள்.

பார்க்க வருபவர்களுக்குக் கட்டணம் கிடையாது. சீட்டு விற்பதாக யாராவது இணைப்பு அனுப்பினால் பணம் கட்டாதீர்கள்.

ஓரிகனுக்கு வர முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். மெய்ன் மாநிலத்தில் டாமரிஸ்காட்டா ஊரின் பரங்கித் திருவிழா அக்டோபர் இரண்டாம் திங்கள் விடுமுறையை ஒட்டி வருகிறது. நியூ ஹாம்ப்ஷயரின் காஃப்ஸ்டவுனில் பரங்கியில் சிறு மோட்டாரைப் பொருத்தி ஆற்றில் ஓட்டுகிறார்கள். ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கம் இருப்பவர்களுக்கு லுட்விக்ஸ்பூர்க் அரண்மனைத் தோட்டத்துக் குளத்தில், பெரும்பாலும் செப்டம்பரிலேயே, போட்டி நடக்கிறது. அந்தத் தோட்டத்துக்கு மட்டும் நுழைவுக் கட்டணம் உண்டு. தேதியும் போகும் வழியும் ஊருக்கு ஊர் மாறும். கீழே 4 முதல் 6 வரையுள்ள படிகள் பெரும்பாலும் எங்கும் பொருந்தும்.

2. ரயிலை நம்பாதீர்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். வரைபடத்தில் பார்த்தால் டுவாலட்டினில் ரயில் நிலையம் தெரியும். பீவர்ட்டனிலிருந்து வில்சன்வில் வரை போகும் 'வெஸ்' ரயில் அங்கே நிற்கும், குளத்துக்கும் நடந்துவிடலாம். ஆனால் அது அலுவலகம் போகிறவர்களுக்கான ரயில். வார நாள்களில் காலையும் மாலையும்தான் ஓடும், சனி ஞாயிறு கிடையாது. இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையுடன் பீவர்ட்டன் நடைமேடையில் முக்கால் மணி நேரம் காத்திருந்து, பிறகு என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இதை இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

கார் இல்லாதவர்கள் ஹில்ஸ்பரோவிலிருந்து 'மேக்ஸ்' என்ற நகர ரயிலின் நீல வண்டியில் பீவர்ட்டன் நிலையம் வந்து, அங்கிருந்து டைகார்ட் வழியாக டுவாலட்டின் போகும் 76ஆம் எண் பேருந்தைப் பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நேர அட்டவணை வேறு என்பதால், இந்தப் பேருந்துகளையும் ரயில்களையும் இயக்கும் ட்ரைமெட் நிறுவனத்தின் தளத்தில் ஞாயிறு என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள். திரும்பி வரும் பேருந்தின் நேரத்தையும் அப்போதே குறித்துக்கொள்வது நல்லது.

காரில் வருபவர்கள் ஐ-5 நெடுஞ்சாலையில் 289ஆம் வெளியேற்றத்தில் (எக்சிட்) இறங்க வேண்டும். குளத்தை ஒட்டி இடம் கிடைக்குமா என்று சுற்றிச் சுற்றி வராதீர்கள். அந்தச் சுற்றலில் அரை மணி நேரம் போய்விடும், முதல் போட்டியும் போய்விடும். பத்து நிமிட நடைத் தொலைவில் நிறுத்திவிட்டு வாருங்கள். கடைகளின் வாகன நிறுத்தத்தில் 'வாடிக்கையாளருக்கு மட்டும்' என்ற பலகை இருந்தால் அங்கே விடாதீர்கள், வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்களை ஒருவர் துணையோடு குளத்தருகே இறக்கிவிட்டு, ஓட்டுநர் மட்டும் போய் வண்டியை நிறுத்தலாம்.

3. முந்தைய இரவே எடுத்து வைக்க வேண்டியவை

அக்டோபர் நடுவில் இங்கே பகல் வெப்பம் 15 டிகிரியை ஒட்டி இருக்கும். காலையில் பத்துக்கும் கீழே போகும். மழைக்காலம் அப்போதுதான் தொடங்கும். போட்டி பார்ப்பது என்றால் தண்ணீர் ஓரமாக இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் இருப்பது. நடக்கும்போது உறைக்காத குளிர் அப்போது உறைக்கும்.

ஒரே ஒரு தடித்த கோட்டைவிட மெல்லிய உடைகள் மூன்று அடுக்கு நல்லது. வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றலாம். மேலே தலைமூடி வைத்த மழைச்சட்டை. குடை வேண்டாம்: குடையை விரித்தால் பின்னால் நிற்பவருக்குக் குளம் மறைந்துவிடும், மடக்கச் சொல்லுவார்கள், நீங்கள் நனைவீர்கள். ஊரிலிருந்து வந்த அம்மாக்கள் சேலையோடு செருப்பு போட்டு வருவதைப் பார்க்கிறேன். உள்ளே கம்பளிக் கால்சட்டையும், காலுறையோடு மூடிய காலணியும் கட்டாயம். கரையோரப் புல் ஈரமாக இருக்கும்.

உட்கார உயரம் குறைந்த மடக்கு நாற்காலி அல்லது தடித்த விரிப்பு. உயரமான நாற்காலி கொண்டுவந்தால் பின்வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். குழந்தைகளுக்கு ஹாலோவீன் வேஷ உடை இருந்தால் அதையே போட்டு அழைத்து வாருங்கள், அங்கே பெரியவர்களே வேஷத்தில்தான் திரிவார்கள். வேஷத்தைக் கோட்டுக்கு மேல் மாட்டும் அளவில் வாங்குங்கள். கோட்டுக்குள் போட்டால் வேஷம் தெரியாது. கோட்டைக் கழற்றச் சொல்லிப் பிள்ளை அழும்.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு. உணவு வண்டிகளில் சைவம் கிடைப்பது அந்தந்த ஆண்டைப் பொறுத்தது, வரிசையும் நீளம். எலுமிச்சைச் சோறோ புளியோதரையோ கட்டி, பிளாஸ்கில் சூடாக காபி எடுத்துக்கொண்டால் இடத்தைவிட்டு எழ வேண்டியதில்லை.

4. வந்ததும் முதலில் கரையில் இருக்கும் பரங்கிகளைப் பாருங்கள்

முதல் போட்டிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். நால்வராக வந்தால் ஒருவர் விரிப்பைப் போட்டு இடம் பிடிக்கட்டும், மற்ற மூவர் பரங்கிகளைப் பார்த்துவிட்டு வந்து அவரை விடுவிக்கட்டும். தண்ணீரில் இறங்கிய பிறகு பரங்கியின் பெரும்பகுதி மறைந்துவிடும். அதன் முழு உருவத்தைப் பார்க்க இந்த நேரத்தை விட்டால் வழியில்லை.

இவை பெரும்பாலும் 'அட்லாண்டிக் ஜயண்ட்' என்ற ரகம். தன் எடையையே தாங்க முடியாமல் பக்கவாட்டில் சரிந்து வளரும். அதனால் உருண்டையாக இருக்காது, உட்கார்ந்த யானையைப் போல அமுங்கியிருக்கும். பிள்ளைகளிடம் காம்பு எந்தப் பக்கம், பூ இருந்த அடையாளம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு எது முன்பக்கம் போகும் என்று பந்தயம் கட்டுங்கள்.

படகாக்கும் முறையையும் தெரிந்துகொண்டால் பார்ப்பது இன்னும் சுவைக்கும். விவரம் தெரிந்த விவசாயி முதலில் முழுக் காயையே தண்ணீரில் மிதக்கவிட்டு, அது தானாக எந்தப் பக்கம் திரும்பி நிலைக்கிறது என்று பார்ப்பார். மேலே தெரியும் பகுதியில்தான் வாய் வெட்டுவார். அப்படிப் பார்க்காமல் தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் வெட்டினால், ஆள் ஏறியதும் காய் தன் விருப்பப்படி புரளப் பார்க்கும். உள்ளே சதையைச் சுரண்டும்போது அடிப்பக்கத்தைத் தடிமனாக விடுவார்கள். அடியில் எடை இருந்தால்தான் கவிழாது. வாயோரத்தை எட்டிப் பாருங்கள். ஒரு சாண் கனத்துக்குச் சதை இருக்கும்.

வளர்த்தவர் பக்கத்திலேயே நிற்பார், தயங்காமல் பேசுங்கள். ஏப்ரலில் வீட்டுக்குள் விதை போட்டு, மே மாதம் நிலத்தில் நட்டு, அக்டோபர் வரை கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது ஒரே நாளில் 15, 20 கிலோ கூடும் என்று சொன்னால் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள். வளர்த்தவர் வாயாலேயே கேட்கட்டும். என் மாமனார் ஊரில் விவசாயி. மொழி புரியாமலேயே அங்கே ஒருவரோடு இருபது நிமிடம் கைச்சாடையில் பேசினார். உரம், தண்ணீர், கொடியை எங்கே கிள்ளுவது என்பது வரை இருவருக்கும் விளங்கிவிட்டது.

இரண்டு எச்சரிக்கைகள். காயின் மேல் குழந்தையை ஏற்றிப் படம் எடுக்காதீர்கள்: கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று போதும், தண்ணீரில் இறங்கியதும் படகு பிளந்துவிடும். வெட்டிப்போட்ட விதைகளை எடுக்காதீர்கள். நல்ல கொடியின் விதையை வளர்ப்பவர்கள் பொக்கிஷமாகக் காப்பார்கள். கேட்டால் சிலர் மனமுவந்து தருவார்கள். கேட்காமல் எடுப்பது திருட்டு.

5. நிற்கும் இடம்: சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்

வழக்கமாகப் போட்டி நடக்கும் லேக் ஆஃப் தி காமன்ஸ் ஊர் நடுவே வெட்டிய சிறிய செயற்கைக் குளம். குளம் சிறியது என்பதால் எல்லாம் அருகில் தெரியும். அதே காரணத்தால் முன்வரிசையும் சீக்கிரம் நிறைந்துவிடும். போட்டி தொடங்கும் நேரத்தில் வந்தால் நான்கு தலைகளுக்குப் பின்னால்தான் இடம்.

எந்தக் கரை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு 45 டிகிரி வடக்கே இருக்கிறது. அக்டோபர் நடுவில் சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. பகல் ஒரு மணிக்குக்கூடத் தெற்கு வானில் சுமார் 35 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். நம் ஊர் மாலை நாலு மணி வெயில் போல முகத்தில் அடிக்கும். வடக்குக் கரையில் உட்கார்ந்தால் தண்ணீரின் பளபளப்பு கண்ணைக் கூசும், எடுக்கும் படமெல்லாம் கறுப்பு நிழலாக வரும். தெற்குப் பக்கக் கரையில் உட்கார்ந்தால் படகோட்டிகளின் முகமும் வேஷமும் பளிச்சென்று தெரியும். மேகமூட்டமாக இருந்தால் இந்தக் கவலை இல்லை, எந்தக் கரையும் சரி.

அடுத்தது, படகில் ஆள் ஏறும் இடத்துக்கு அருகில் இடம் பிடிக்கப் பாருங்கள். முடிவுக்கோட்டுப் பக்கம்தான் எல்லாரும் ஓடுவார்கள். ஆனால் பரங்கி அதிகம் தள்ளாடுவது ஆள் ஏறும் அந்த அரை நிமிடத்தில்தான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் கரையில் என்று இருக்கும்போது எடை ஒரு பக்கமாக விழுகிறது. தண்ணீர் வாயோரம் வரை ஏறுகிறது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது அப்போதுதான். யார் வென்றார்கள் என்பது ஒலிபெருக்கியில் எப்படியும் கேட்கும்.

குளக்கரையில் சிறு குழந்தைகளை ஒரு பெரியவரின் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள். கூட்டம் முண்டும், தண்ணீரோ குளிர்ந்து கிடக்கும்.

6. முதல் போட்டியைத் தவறவிடாதீர்கள்

வழக்கமாக முதலில் இறங்குவது வளர்த்தவர்களே ஓட்டும் போட்டி. எனக்கு அந்த நாளிலேயே முக்கியமானது அதுதான். காய்கள் அப்போது புதிதாக இருக்கும், உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்காது, ஓட்டுபவர்களுக்குத் தங்கள் காயின் ஒவ்வொரு வளைவும் தெரியும். அடுத்தடுத்த சுற்றுகளில் வேஷக்காரர்கள் வருவார்கள். சிரிப்பு அதிகம், வேகம் குறைவு.

எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பார்த்தால் எல்லாம் ஒரே தள்ளாட்டமாகத் தெரியும். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, உட்காரும் விதம். அனுபவசாலிகள் முழங்கால் போட்டு, உடலைத் தாழ்த்தி இருப்பார்கள். எடை கீழே போகப் போகப் படகு நிலைக்கும். நிமிர்ந்து உட்கார்பவர்தான் முதலில் ஆடுவார்.

இரண்டாவது, துடுப்பு. பரங்கிக்கு அடியில் நீளமான முதுகெலும்பு போன்ற கட்டை கிடையாது. தண்ணீரைப் பிடித்து நேராகப் போக அதற்கு எதுவும் இல்லை. வலப்பக்கம் வலுவாக ஒரு இழுப்பு இழுத்தால் போதும், காய் முன்னே போகாமல் இடப்பக்கம் சுழன்றுவிடும். அதனால் வெல்பவர்கள் பலசாலிகளாக இருக்க வேண்டியதில்லை. காயை ஒட்டிச் சிறு சிறு வீச்சாக, இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போடுபவர்களே வெல்வார்கள். முதல் பத்து வீச்சைப் பார்த்து யார் வெல்வார் என்று சொல்ல என் மகள் இப்போது கற்றுக்கொண்டுவிட்டாள்.

மூன்றாவது, நீர்மட்டம். ஆள் முன்னால் சாயும்போது முன்வாய் தாழ்ந்து தண்ணீர் உள்ளே ஏறும். அது அடுத்த சாய்வை இன்னும் ஆழமாக்கும். மூழ்கப்போகிறது என்பது அரை நிமிடம் முன்பே தெரிந்துவிடும். படகோட்டிகள் உயிர்காப்புச் சட்டை போட்டிருப்பார்கள். பயப்படும் பாட்டிகளிடம் அதை முன்பே சொல்லிவையுங்கள்.

ஓட்டுபவர்களில் கேரி கிறிஸ்டென்சன் இருக்கிறாரா என்று அறிவிப்பைக் கவனித்துக் கேளுங்கள். பக்கத்து ஊரான ஹேப்பி வேலிக்காரர், இந்தப் போட்டியில் தொடர்ந்து இறங்குபவர். 2024 அக்டோபரில் ஏறத்தாழ 550 கிலோ எடையுள்ள தன் பரங்கியில் கொலம்பியா ஆற்றில் 73.5 கிலோமீட்டர் துடுப்புப் போட்டுக் கின்னஸ் சாதனை படைத்தார். நூறடி போவதற்கே மற்றவர்கள் சுழல்வதைப் பார்த்த பிறகு இந்தத் தொலைவைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அப்போதுதான் அதன் பெருமை புரியும்.

படம் எடுப்பவர்களுக்கு: முதல் போட்டியைக் கண்ணால் பாருங்கள், இரண்டாவதைக் கைபேசியில் எடுங்கள். திரையை விரல்களால் விரித்துப் பெரிதாக்கி எடுத்தால் மங்கும். படகு அருகில் வரும்வரை பொறுத்து, தொடர்படமாக எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளலாம்.

7. கடைகளும் மற்ற போட்டிகளும் இப்போது

இரண்டு சுற்று முடிந்ததும் எழுந்து சுற்றுங்கள். பரங்கிப் பணியாரமான 'பை' சாப்பிடும் போட்டி, வேஷப் போட்டி போன்றவற்றுக்கு நேரம் குறித்திருப்பார்கள். பிள்ளைகள் கலந்துகொள்ள வேண்டுமென்றால் பெயர் எங்கே கொடுப்பது என்று காலையிலேயே கேட்டுவையுங்கள். சைவர்களுக்கு ஒரு சொல்: பையின் பூரணத்தில் முட்டை இருக்கும். மேலோட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பவர்களும் உண்டு. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஓரிகனில் விற்பனை வரி கிடையாது. பலகையில் போட்ட விலைதான் விலை.

8. திரும்பும் முன்

கடைசிப் போட்டி முடிந்த உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டியை எடுப்பார்கள், நைபெர்க் தெரு அடைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் பொறுங்கள். பரங்கிகளை வார்கட்டித் தூக்கிக் கரையேற்றுவதைப் பார்க்கலாம். கூட்டமும் கலைந்திருக்கும்.

அப்போதுதான் எங்கள் அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, இதை அறுத்தா ஒரு ஊருக்கே கூட்டு வைக்கலாமே, இப்படி வீணாக்குறாங்களே?"

"சமைச்சா ருசிக்காதும்மா, வெறும் தண்ணி" என்றேன். உண்மையும் அதுதான். எடைக்காக வளர்த்த காய்க்கு இனிப்பும் மணமும் கிடையாது. பூஞ்சை மருந்தும் அடித்திருக்கலாம். அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. அடுத்த ஆண்டு அவரை போர்ட்லாண்டில் உள்ள ஓரிகன் விலங்குக்காட்சி சாலைக்கு அழைத்துப் போனேன். அங்கே அக்டோபரில் ஒரு நாள், இதே போன்ற ராட்சதப் பரங்கிகளை ஆசிய யானைகள் முன் உருட்டிவிடுகிறார்கள். யானை காலை வைத்து நிதானமாக அழுத்தி உடைத்து, துண்டு துண்டாக எடுத்துத் தின்னும். பார்த்ததும் அம்மா முகம் மலர்ந்தது. பெரும்பாலும் வார நாளில் வருவதால் முன்கூட்டியே தேதி பார்த்து விடுப்புச் சொல்லுங்கள். மேக்ஸ் நீல, சிவப்பு வண்டிகள் இரண்டும் அதன் வாசலிலேயே, வாஷிங்டன் பார்க் நிலையத்தில் நிற்கும். இங்கே ரயிலைத் தாராளமாக நம்பலாம்.

குழம்புக்குக் காய் வேண்டுமென்றால் வீடு திரும்பும் வழியில் கடையில் 'சுகர் பை' என்று கேட்டு வாங்குங்கள். கடை வாசலில் குவித்திருக்கும் பெரிய ஆரஞ்சுக் காய்கள் முகம் செதுக்குவதற்கானவை, நாரும் நீருமாக இருக்கும். சுகர் பை சிறியது, தேங்காயைவிடச் சற்றுப் பெரிதாக, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். தோல் கடினம், சீவிவிட்டுத்தான் போட வேண்டும். நம் ஊர்ப் பரங்கியைவிடச் சீக்கிரம் குழையும் என்பதால், புளி கொதித்த பிறகு போடுங்கள்.